கேட்டி வழித்தடம்

கேட்டி வழித்தடம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், தொடருந்துகள் ஓடுவது நின்றுபோன ஓர் இருப்புப்பாதையின் மேட்டில் அமைக்கப்பட்டுள்ள மிதிவண்டிப் பாதையும் நடைபாதையும் ஆகும். இது கிழக்கே மேக்கன்ஸ் என்ற இடத்திலிருந்து மேற்கே கிளின்டன் நகரம் வரை ஏறத்தாழ 386 கிலோமீட்டர் (240 மைல்) நீளம் கொண்டது. ஐக்கிய அமெரிக்காவில் இருப்புப்பாதையிலிருந்து உருவாக்கப்பட்டு முழுமையாகப் பயன்பாட்டிலுள்ள தடங்களுள் இதுவே மிக நீளமானதாகக் கருதப்படுகிறது. மிசூரி மாநில அரசு இதனை ஒரு மாநிலப் பூங்காவாகப் பராமரித்து வருகிறது.

தடத்தின் பெரும்பகுதி மிசூரி ஆற்றின் வடகரையை ஒட்டிச் செல்கிறது. இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதி, 19 ஆம் நூற்றாண்டில் செருமானியக் குடியேறிகள் திராட்சை பயிரிட்டு வைன் எனப்படும் திராட்சை மதுவைத் தயாரித்த பகுதியாகும். அக்குடியேறிகளின் தாயகத்து ரைன் ஆற்றை நினைவூட்டும் வகையில் இது "மிசூரி ரைன்லாந்து" என அழைக்கப்படுகிறது.

பெயர்

இத்தடம் மிசூரி-கான்சஸ்-டெக்சாஸ் தொடருந்து நிறுவனத்தின் பாதையில் அமைந்தது. அந்நிறுவனத்தின் பெயர் சுருக்கமாக "கே-டி" என வழங்கியது. அதுவே பேச்சு வழக்கில் "கேட்டி" என்ற பெண் பெயராக மருவிற்று. நிறுவனம் மறைந்த பின்னரும் அப்பெயர் தடத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

தடத்தின் அமைப்பு

தடத்தின் மேற்பரப்பு தார் போடப்பட்டதன்று. நுண்ணியதாக நொறுக்கப்பட்ட சுண்ணாம்புக்கல் பரப்பி உருளையால் அழுத்தப்பட்டுள்ளது. கல்லின் சிறு துண்டுகளுக்கு இடையேயுள்ள வெளிகளைக் கல்மாவு நிரப்புகிறது. ஈரம் பட்டு அழுத்தம் பெறும்போது இரண்டும் சேர்ந்து இறுகிக் கெட்டியான தளமாகின்றன. எனவே உலர்ந்த காலத்தில் சாதாரண மிதிவண்டியிலும் இதில் செல்லலாம். மிக ஒடுங்கிய பந்தயச் சக்கரங்களைவிடச் சற்று அகன்ற சக்கரங்கள் வசதியானவை. கனமழைக்குப் பின்னரும், குளிர்காலத்தில் உறைந்த நிலம் இளகும்போதும் மேற்பரப்பு மென்மையாகி, சக்கரங்கள் புதையக்கூடும். நகரங்களுக்குள் சில இடங்களில் மட்டும் தளம் கெட்டியாகப் பாவப்பட்டுள்ளது.

தொடருந்துகளால் செங்குத்தான ஏற்றங்களில் ஏற இயலாது. ஆகவே இருப்புப்பாதை அமைத்த பொறியாளர்கள் ஆற்றங்கரைச் சமவெளியைத் தேர்ந்தெடுத்தனர். இதன் பயனாகப் பள்ளத்தாக்கில் தடம் ஏறக்குறைய மட்டமாகவே உள்ளது. முதியோரும் சிறுவரும் நீண்ட தொலைவு செல்ல முடிவதற்கு இதுவே காரணம். ஆனால் ஆற்றின் வெள்ளம் பரவும் சமவெளியும் இதுவேயாகும். தடத்தின் பெரும் வசதியும் அதன் பெரும் ஆபத்தும் இவ்வாறு ஒரே காரணத்திலிருந்து எழுகின்றன.

தடத்தில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. எனினும் இது பல இடங்களில் ஊர்ச் சாலைகளை ஒரே மட்டத்தில் குறுக்கிடுகிறது. அவ்விடங்களில் மிதிவண்டியோட்டிகள் நின்று கவனித்துச் செல்ல வேண்டும். சில பகுதிகளில் குதிரையேற்றமும் அனுமதிக்கப்படுகிறது. தடத்தின் ஓரத்திலுள்ள மைல் எண்கள் பழைய இருப்புப்பாதையின் எண்களே. அதனால் கிழக்கு முனையில் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்காமல் ஏறத்தாழ 27 இலிருந்து தொடங்கி, கிளின்டனில் 264 ஐத் தாண்டி முடிகிறது.

வழியிலுள்ள இடங்கள்

கிழக்குப் பகுதியின் முதன்மையான நகரம் செயின்ட் சார்லஸ் ஆகும். இது 1821 முதல் 1826 வரை மிசூரி மாநிலத்தின் முதல் தலைநகரமாக விளங்கியது. மேற்குப் பகுதிகளை ஆராயப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் ஆகியோரின் பயணக் குழு 1804 மே 21 அன்று இந்நகரிலிருந்து ஆற்று வழியாகக் கிளம்பியது. செயின்ட் சார்லசிலிருந்து பூன்வில் வரையிலான ஏறத்தாழ 265 கிலோமீட்டர் பகுதி, அப்பயணத்தை நினைவுகூரும் தேசிய வரலாற்று வழியின் ஓர் அங்கமாகவும் உள்ளது.

செயின்ட் சார்லசிலிருந்து மேற்கே சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில் டிபையன்ஸ் என்ற சிற்றூரும், அதிலிருந்து 12 கிலோமீட்டரில் ஆகஸ்டாவும் உள்ளன. பின்னர் டட்சோ, மார்த்தாஸ்வில் ஆகிய ஊர்கள் வருகின்றன. மார்த்தாஸ்விலிலிருந்து 37 கிலோமீட்டர் சென்றால் மெக்கிட்ரிக் என்ற இடம் வரும். வைன் தொழிலால் புகழ்பெற்ற ஹெர்மன் நகரம் ஆற்றின் எதிர்க்கரையில், அதாவது தென்கரையில் உள்ளது. 2007 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் மிதிவண்டிகளுக்கெனத் தனிப் பாதை அமைக்கப்பட்டதால், மெக்கிட்ரிக்கிலிருந்து ஹெர்மனை எளிதில் அடையலாம்.

மேலும் மேற்கே மாநிலத் தலைநகரான ஜெபர்சன் நகரம் தென்கரையில் அமைந்துள்ளது. அதற்கப்பால் ரோச்போர்ட் அருகே ஒருபுறம் ஆறும் மறுபுறம் உயர்ந்த சுண்ணாம்புக்கல் பாறைச் சுவர்களும் இருக்க, இடையில் தடம் செல்கிறது. இங்கு 1893 வாக்கில் கட்டப்பட்ட, 74 மீட்டர் (243 அடி) நீளமுடைய சுரங்கவழி ஒன்று உள்ளது. இத்தடத்திலுள்ள ஒரே சுரங்கவழி இதுவே. பூன்வில் நகரில் தடம் ஆற்றைக் கடந்து தென்கரைக்கு மாறி, பள்ளத்தாக்கை விட்டு விலகி, மேய்ச்சல் நிலங்களும் சிறு குன்றுகளும் நிறைந்த நாட்டுப்புறம் வழியாக செடாலியாவை அடைகிறது. வின்ட்சர் அருகே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 290 மீட்டர் உயரத்தில் தடத்தின் மிக உயர்ந்த பகுதி உள்ளது.

பள்ளத்தாக்கின் திராட்சைப் பண்பாடு

செருமானியக் குடியேற்றம்

செருமானியரான காட்பிரீட் டூடன் 1824 முதல் 1827 வரை இப்பள்ளத்தாக்கில் வாழ்ந்து, தாயகம் திரும்பிய பின் 1829 இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அந்நூல் மிசூரியைப் பற்றி மிக நல்ல சித்திரம் ஒன்றைத் தந்தது. அதைப் படித்த பலர் குடிபெயர்ந்து வந்தனர். பிலடெல்பியாவில் 1836 இல் தொடங்கப்பட்ட செருமானியக் குடியேற்றச் சங்கம், ஹெர்மன் நகரத்தை 1837 இல் நிறுவியது.

ஹெர்மன் அமைந்த நிலம் செங்குத்தான சரிவுகளைக் கொண்டது. வழக்கமான உழவுக்கு அது ஏற்றதாக இல்லை. ஆனால் நீர் தேங்காத சரிவுகள் திராட்சைக் கொடிகளுக்கு உகந்தவை. குடியேறிகள் கொடி வளர்ப்பில் இறங்கினர். ஐரோப்பியத் திராட்சை வகைகள் இங்குள்ள கடுங்குளிரையும் கோடைகால ஈரப்பதத்தால் வரும் நோய்களையும் தாங்கவில்லை. ஆகவே அமெரிக்க வகைகளை நாட வேண்டியதாயிற்று. அவற்றுள் முதன்மையானது "நார்ட்டன்" ஆகும். இது 1820 களில் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் மருத்துவர் டேனியல் நார்ட்டனால் வளர்த்தெடுக்கப்பட்ட கருந்திராட்சை. இதுவே 2003 இல் மிசூரியின் மாநிலத் திராட்சையாக அறிவிக்கப்பட்டது.

ஹெர்மனில் 1847 இல் தொடங்கப்பட்ட ஸ்டோன் ஹில் வைன் ஆலை, அந்நூற்றாண்டின் இறுதிக்குள் நாட்டின் மிகப் பெரிய வைன் ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. 1873 இல் வியன்னாவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஹெர்மனின் வைன் பரிசு பெற்றது. ஆகஸ்டாவில் 1859 இல் முன்ச் குடும்பத்தினர் மவுண்ட் பிளெசன்ட் என்ற வைன் ஆலையை நிறுவினர்.

பிரான்சுக்குச் சென்ற வேர்கள்

1860 களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. வேர்களை உறிஞ்சி வாழும் பிலொக்செரா என்ற நுண்ணிய பூச்சியே இதற்குக் காரணம் என 1868 இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிளான்ஷோனும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். மிசூரி மாநிலத்தின் பூச்சியியலாளரான சார்லஸ் வேலண்டைன் ரைலி, இது அமெரிக்காவிலிருந்து பரவிய பூச்சியே என்பதை உறுதி செய்தார். அமெரிக்கக் கொடிகள் நெடுங்காலம் இப்பூச்சியுடன் வாழ்ந்தவை. அவற்றின் வேர்கள் அதன் தாக்குதலைத் தாங்கவல்லவை.

எனவே அமெரிக்கக் கொடியின் வேருள்ள அடிப்பகுதியில் ஐரோப்பியக் கொடியின் கிளையை ஒட்டுக் கட்டும் முறை கையாளப்பட்டது. வேர் பூச்சியைத் தாங்கியது. கனி ஐரோப்பிய வகையாகவே இருந்தது. இதற்கான கொடிகளைப் பெருமளவில் அனுப்பியவர்களுள் மிசூரியைச் சேர்ந்த ஹெர்மன் யேகர், ஐசிடோர் புஷ், ஜார்ஜ் ஹஸ்மன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். ஹெர்மன் நகரில் வளர்ந்த ஹஸ்மன், பின்னர் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்து, 1881 இல் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்குக்குச் சென்றார்.

மதுவிலக்கும் மறுமலர்ச்சியும்

1920 இல் ஐக்கிய அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. வைன் ஆலைகள் மூடப்பட்டன. ஸ்டோன் ஹில் ஆலையின் நிலவறைகள், குளிர்ச்சியும் இருளும் உடையவை என்பதால், காளான் வளர்க்கப் பயன்பட்டன. 1933 இல் மதுவிலக்கு நீங்கிய பின்னரும் தொழில் உடனே மீளவில்லை. திராட்சைக் கொடி பயன்தரச் சில ஆண்டுகள் ஆகும். தோட்டங்களும் தொழிலறிந்தோரும் அதற்குள் மறைந்திருந்தனர். 1965 இல் ஸ்டோன் ஹில்லும், அதற்கு அடுத்த ஆண்டு மவுண்ட் பிளெசன்டும் மீண்டும் இயங்கத் தொடங்கின.

1980 சூன் 20 அன்று ஆகஸ்டாவைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 39 சதுர கிலோமீட்டர் பகுதி, ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது அங்கீகரிக்கப்பட்ட திராட்சை வளர்ப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இவ்வங்கீகாரம் பெற்ற வட்டாரத்தின் பெயரை, அங்கு விளைந்த திராட்சையிலிருந்து பெரும்பான்மையாகத் தயாரித்த வைனுக்கு மட்டுமே இட முடியும். உலகப் புகழ்பெற்ற நாபா பள்ளத்தாக்கு இதே அங்கீகாரத்தைப் பெற்றது 1981 இல்தான். ஹெர்மன் வட்டாரம் 1983 இல் அங்கீகரிக்கப்பட்டது.

தடத்தின் வரலாறு

வெள்ளமும் இருப்புப்பாதையின் முடிவும்

ஆற்றின் வடகரையில் இருப்புப்பாதை 1890 களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. 1986 அக்டோபர் தொடக்கத்தில் ஏற்பட்ட பெருவெள்ளம் பல இடங்களில் பாதையை அரித்துச் சென்றது. வேறொரு நிறுவனத்தின் பாதையில் தன் தொடருந்துகளை ஓட்டும் உரிமை இருந்ததால், சேதமடைந்த பாதையைச் சீரமைப்பதில் நிறுவனத்துக்கு ஆதாயம் இல்லை. மேக்கன்ஸ் முதல் செடாலியா வரையிலான பகுதியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

மாநில அரசு இந்நிலத்தொடரை 1987 இல் பெற்றது. இதற்குப் பொருளுதவி செய்தவர் முதலீட்டு நிறுவன அதிபரான எட்வர்ட் (டெட்) ஜோன்ஸ். விஸ்கான்சின் மாநிலத்தில் இதே போன்று இருப்புப்பாதையிலிருந்து உருவாக்கப்பட்ட எல்ராய்-ஸ்பார்ட்டா தடத்தில் பயணம் செய்த அவர், தம் மாநிலத்திலும் அத்தகைய தடம் அமைய வேண்டும் என விரும்பினார். அவரும் அவருடைய மனைவி பாட் ஜோன்சும் நிலத்தொடரைப் பெற 2 லட்சம் டாலரும், தடத்தை அமைக்க ஏறத்தாழ 20 லட்சம் டாலரும் வழங்கினர். தடத்தின் முதற்பகுதி 1990 ஏப்ரலில் ரோச்போர்ட்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் டெட் ஜோன்ஸ் காலமானார்.

நில உரிமைச் சிக்கல்

தடத்துக்குப் பாதையோரத்து நில உரிமையாளர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பல இடங்களில் தொடருந்து நிறுவனம் நிலத்தை முழு உரிமையுடன் வாங்கியிருக்கவில்லை. அந்நிலத்தின் வழியே தொடருந்து ஓட்டும் வழியுரிமையை மட்டுமே பெற்றிருந்தது. தொடருந்து நின்றால் அவ்வுரிமை முடிவுற்று, நிலம் தங்களிடமே திரும்ப வேண்டும் என்பது அவர்களது வாதம். தம் வயல்களுக்கு நடுவே முன்பின் அறியாதவர் நடமாடுவதையும் அவர்கள் விரும்பவில்லை.

இதற்கு மாறாக, 1983 இல் திருத்தப்பட்ட தேசியத் தடங்கள் சட்டத்தை அரசு காட்டியது. ஒரு நாட்டின் இருப்புப்பாதைகள் துண்டு துண்டாகக் கைவிடப்பட்டால், எதிர்காலத்தில் அவற்றை மீண்டும் ஒன்றுசேர்ப்பது ஏறக்குறைய இயலாதது. ஆகவே, பயன்படாத பாதையைப் பிற்காலத் தேவைக்காகப் பாதுகாத்து வைக்கவும், அதுவரை தடமாகப் பயன்படுத்தவும் அச்சட்டம் வழிசெய்தது. இம்முறை "ரெயில்பேங்கிங்" எனப்படும். இதன்படி, தண்டவாளங்கள் அகற்றப்பட்டாலும் பாதை சட்டத்தின் பார்வையில் கைவிடப்பட்டதாகாது, வழியுரிமையும் முடிவுறாது.

மிசூரி நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், இச்சட்டம் செல்லும் என மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989 இல் தீர்ப்பளித்தது. வெர்மான்ட் மாநிலம் தொடர்பான மற்றொரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1990 இல் சட்டத்தை உறுதி செய்தது. ஆனால் நிலம் உண்மையில் பறிக்கப்பட்டிருப்பின் அதற்கு இழப்பீடு கோரலாம் என்றும் அது கூறியது. அவ்வழியில் சென்ற மிசூரி உரிமையாளர்களின் வழக்கில், தடம் அமைத்தது நிலத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒப்பாகும் என்றும், மத்திய அரசு இழப்பீடு தரக் கடமைப்பட்டது என்றும் 2000 ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கப்பட்டது. இதனால் தடமும் நிலைத்தது. அதற்காகத் தனியார் இழந்ததற்கு ஈடு உண்டு என்பதும் நிலைநாட்டப்பட்டது.

1993 வெள்ளமும் விரிவாக்கமும்

1993 இல் ஏற்பட்ட பெருவெள்ளம், அதுவரை முடிந்திருந்த 203 கிலோமீட்டர் தடத்தில் ஏறத்தாழ 121 கிலோமீட்டரைச் சேதப்படுத்தியது. இவ்வெள்ளத்தில் மூழ்கிய ரைன்லாந்து என்ற சிற்றூரின் மக்கள் தம் ஊரையே அருகிலுள்ள மேட்டுக்கு மாற்றிக்கொண்டனர். தடம் மீண்டும் அமைக்கப்பட்டது. செடாலியாவுக்கு மேற்கிலுள்ள 53 கிலோமீட்டர் நிலத்தொடரை யூனியன் பசிபிக் நிறுவனம் 1991 இல் நன்கொடையாக வழங்கியிருந்தது. 1999 இல் தடம் செயின்ட் சார்லசிலிருந்து கிளின்டன் வரை விரிவடைந்தது. மேக்கன்ஸ் வரையிலான கிழக்குப் பகுதி 2011 இல் திறக்கப்பட்டது. 2019 இல் வந்த வெள்ளத்தின்போதும் சில பகுதிகள் மூடப்பட்டன.

பூன்வில் பாலம்

பூன்வில் நகரில் மிசூரி ஆற்றின் குறுக்கே 1932 இல் கட்டப்பட்ட பழைய இருப்புப்பாதைப் பாலம் உள்ளது. கப்பல்களுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி மேலெழும்பக்கூடியது. அப்பகுதியின் நீளம் 124 மீட்டர். பாலத்தின் உரிமை யூனியன் பசிபிக் நிறுவனத்திடம் இருந்தது. அந்நிறுவனம் பாலத்தைப் பிரித்து, அதன் இரும்பை வேறிடத்தில் பயன்படுத்த விரும்பியது.

மிதிவண்டிகள் அருகிலுள்ள சாலைப் பாலம் வழியாகவே ஆற்றைக் கடந்தன. ஆகவே பழைய பாலம் தேவையற்றதாகத் தோன்றக்கூடும். ஆனால் எதிர்காலத்தில் தொடருந்து மீண்டும் ஓட வழியிருக்க வேண்டும் என்பதே ரெயில்பேங்கிங் முறையின் அடிப்படை. பாலம் அகற்றப்பட்டால் பாதையின் தொடர்ச்சி அறுந்து, வழியுரிமை மீண்டும் கேள்விக்குள்ளாகும் எனத் தடத்தின் ஆதரவாளர்கள் அஞ்சினர். 2005 இல் இவ்விடயம் நீதிமன்றம் வரை சென்றது. நகர மக்களின் நீண்ட முயற்சிக்குப் பின், 2010 இல் நிறுவனம் பாலத்தைப் பூன்வில் நகருக்கு வழங்க இசைந்தது. அதன் ஒரு பகுதி 2016 இல் நடப்போருக்குத் திறந்துவிடப்பட்டது.

பொருளாதாரப் பயன்

தொடருந்தும் படகுப் போக்குவரத்தும் நின்றபின் தடத்தையொட்டிய சிற்றூர்கள் பல மக்கள்தொகையை இழந்து வந்தன. தடம் வந்த பின் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகவும், பழைய கடைகள் உணவகங்களாகவும் மிதிவண்டிப் பழுதுபார்ப்பு நிலையங்களாகவும் மாறின. மாநில அரசுக்காக 2012 இல் தயாரிக்கப்பட்ட ஆய்வறிக்கை ஒன்று, ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பேர் தடத்துக்கு வருவதாகவும், இதனால் ஏறத்தாழ 185 லட்சம் டாலர் பொருளாதாரப் பயன் விளைவதாகவும் மதிப்பிட்டது. திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரைச் சமவெளியில் இல்லாமல் அதை அடுத்த மேட்டுச் சரிவுகளில் உள்ளன. எனவே அவற்றைக் காண விரும்புவோர் தடத்தை விட்டு விலகி, வாகனங்கள் செல்லும் சாலையில் ஏற்றம் ஏற வேண்டும்.

பயணக் காலம்

இளவேனிலும் இலையுதிர் காலமும் பயணத்துக்கு ஏற்றவை. கோடையில் வெப்பமும் ஈரப்பதமும் மிகுதி. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் செல்கிறது. திராட்சை அறுவடை கோடையின் பிற்பகுதியில் தொடங்கி இலையுதிர் காலத்திலும் தொடர்கிறது. செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி ஆகிய நகரங்களுக்கு இடையே ஓடும் பயணிகள் தொடருந்து வாஷிங்டன், ஹெர்மன், ஜெபர்சன் நகரம், செடாலியா ஆகிய நிலையங்களில் நிற்கிறது. அதில் மிதிவண்டிகளையும் ஏற்றிச் செல்லலாம் என்பதால், தடத்தின் ஒரு பகுதியை மட்டும் கடந்துவிட்டுத் தொடருந்தில் திரும்புவோரும் உண்டு.

தொடர்புடைய தடங்கள்

மெக்பெயின் என்ற இடத்திலிருந்து கொலம்பியா நகருக்கு 14 கிலோமீட்டர் கிளைத்தடம் செல்கிறது. வின்ட்சரிலிருந்து மேற்கே பிளெசன்ட் ஹில் வரை, பழைய ராக் ஐலண்ட் இருப்புப்பாதையில் அமைந்த ஏறத்தாழ 76 கிலோமீட்டர் தடம் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது. வின்ட்சருக்குக் கிழக்கே அதே இருப்புப்பாதையின் ஏறத்தாழ 232 கிலோமீட்டர் நிலத்தொடர் 2021 இல் மாநிலத்தின் வசம் வந்தது. இந்நிலத்தொடரும் கேட்டி வழித்தடத்தைப் போலவே ரெயில்பேங்கிங் முறையில் பெறப்பட்டதாகும்.